கேள்வி கேட்கப் போன இடத்தில்

போன குளிர்காலத்தில், பாரிஸ் லா சப்பல் பகுதியில் நடந்தது இது. நான் சென்னைக்காரி. இங்கே ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. லா சப்பலில் உள்ள தமிழ்ச் சங்கம் ஒன்று, சனிக்கிழமைகளில் வயதானவர்களை அழைத்துத் தேநீர் கொடுத்து, பழைய நினைவுகளைப் பேச வைக்கிறது. பேச்சென்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். உதவிக்கு வருகிறேன் என்று போய்ச் சேர்ந்துவிட்டேன்.

எல்லோரும் சகஜமாகிவிட்டார்கள், ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவைத் தவிர. எண்பதை நெருங்குகிறவர். மறதி வேறு தொடங்கியிருந்தது. மகள்தான் பாரிஸுக்கு வெளியே உள்ள ஆர்ஜொந்தெயிலிருந்து ரயிலில் அழைத்து வருவார். வீட்டில் பேச்சுத் துணை இல்லை, இங்கேயாவது நாலு வார்த்தை பேசட்டும் என்று மகளுக்கு ஆசை. அம்மாவோ வாயே திறக்க மாட்டார்.

விடுவேனா நான்? ஒரு நாள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு, போனில் ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டு ஆரம்பித்தேன். எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர், எப்போது கிளம்பினீர்கள், யாரோடு வந்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டேன். அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வருடம் மாதம் தேதியோடு. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கடைசியில் அம்மா மெதுவாகக் கேட்டார்.

"எல்லாம் சரியாச் சொல்லிப்போட்டன் பிள்ளை. முடிவு எப்ப வரும்?"

எந்த முடிவு என்று எனக்குப் புரியவில்லை. மகள்தான் ஓடி வந்து, என்னைத் தனியே அழைத்துப் போய் விளக்கினார். அகதியாக வந்த புதிதில் அதிகாரிகள் இதே கேள்விகளைத்தான் கேட்டார்களாம். ஒரு தேதியை மாற்றிச் சொல்லிவிட்டதால் முதல் தடவை விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்களாம். அம்மாவுக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை, இப்படியென்றால் இனிமேல் கூட்டி வருவது கஷ்டம் என்றார். அவர் கோபப்படாமல் சொன்னதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

திரும்பி வந்து அம்மாவின் எதிரில் உட்கார்ந்தேன். போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் என் கதையைச் சொல்லத் தொடங்கினேன். பாரிஸ் வந்த முதல் நாள், கார் து நோர் ரயில் ஸ்டேஷனில் எந்தப் பக்கம் போவதென்று புரியாமல், போனில் சார்ஜும் போய், பெட்டி மேல் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு வார்த்தையான 'நன்றி'யையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். அதையெல்லாம் சொன்னேன்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் அங்கைதான் நிண்டு அழுதனான். பிறகு ஆர் பிள்ளை உம்மைக் கூட்டிக்கொண்டு போனது?"

யாரும் வரவில்லை என்றேன். அம்மா என் கன்னத்தைத் தடவினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் அவராகவே பேசினார். குளிரில் வெறும் செருப்போடு வந்து இறங்கியதையும், யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் சால்வையைக் கழற்றிக் கொடுத்ததையும் சொன்னார். தேதி எதுவும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகளோடு அம்மா வந்தார். இப்போதும் வருகிறார். என் பெயர் அவருக்கு நினைவில் நிற்பதில்லை; ஸ்டேஷனில் அழுத பிள்ளை என்றுதான் என்னைத் தெரியும். யாருமில்லாமல் நான் அழுத அந்த நாளை, எவ்வளவோ மறந்துபோன ஒருவர் எனக்காக நினைவில் வைத்திருக்கிறாரே என்று நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.