வேன் அக்காவின் இரண்டாவது பேட்டரி

அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்து, ஈரம் உலர்ந்ததும் பவுடர் போடுவது வேன் அக்காவின் வேலை. காலையிலும் அவள்தான், சாயங்காலமும் அவள்தான். தம்பி ஞாயிற்றுக்கிழமை வருவான். கால்மாட்டில் நின்றபடியே, "நல்லாத்தான் பாத்துக்கறே" என்று சான்றிதழ் கொடுப்பான்.

வெகுகாலம் பள்ளிக்கூட வேன் ஓட்டியதில் ஒட்டிக்கொண்ட பெயர். பள்ளிக்கூடம் புது வண்டிகள் எடுத்தபோது பழையதை அவளே வாங்கிக்கொண்டாள். சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டாள். ஓர் அடுப்பு, ஒரு விளக்கு, ஒரு விசிறி. ஒரு மாதம் கடலோரமாகவே போக வேண்டும், வழியில் ஒருத்தரையும் ஏற்றாமல், இறக்காமல். அந்த மாதம் அப்பாவோடு இருப்பதாகத் தம்பி தலையாட்டியிருந்தான்.

வண்டியை நிறுத்திவிட்டு விளக்கையும் விசிறியையும் போட்டுவைத்தால், மறுநாள் இன்ஜினைக் கிளப்பப் பேட்டரியில் உயிர் இருக்காது. அதனால்தான் இரண்டாவது பேட்டரி. கட்டிலுக்கடியில் பெல்ட் போட்டு இறுக்கினாள். முன்னாலிருந்து தடித்த வயரை இழுத்து வந்து நடுவே ஒரு ரிலே வைத்தாள். இன்ஜின் ஓடினால் இரண்டும் சேர்ந்து சார்ஜ் ஏறும், நின்றால் பிரிந்துகொள்ளும். வீட்டுக் கரண்டில் போடுகிற சார்ஜரும் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டார்.

"எதுக்குண்ணே? நான் வீட்டுலயா நிக்கப்போறேன்?"

அந்த வாரமே கரண்ட் போனது. அப்பா படுத்திருப்பது காற்று மெத்தை. பம்ப் நின்றால் மெத்தை தளர்ந்து முதுகு பலகையில் அழுந்தும். புண் வந்தால் லேசில் ஆறாது. வேனிலிருந்து ஜன்னல் வழியாக வயர் இழுத்து, பேட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் ஒரு சின்ன இன்வெர்ட்டரில் பம்பை மாட்டினாள். பம்ப் உறுமியது. அப்பாவின் முகம் தெளிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி அந்த வயரைப் பார்த்துச் சொக்கிப்போனான். "அடேங்கப்பா! கவலையே விட்டுது போ!"

மத்தியானம் கரண்ட் போவது தினப்படி ஆனது. பேட்டரி இறங்கிவிடும். அது ஏற வேண்டுமென்றால் வண்டி ஓடியாக வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணை அப்பாவுக்குத் துணை வைத்துவிட்டுக் காலையில் கிளம்புவாள். போஸ்ட் ஆபீஸ், மார்க்கெட், மேம்பாலத்துக்கு அடியில் திரும்பி மறுபடி போஸ்ட் ஆபீஸ். பாலத்தில் ஏறினால் கடற்கரைச் சாலை. ஏற மாட்டாள்.

"என்னக்கா, சுத்திச் சுத்தி வர்றீங்க, எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?" என்றார் டீக்கடைக்காரர்.

"ஆமாங்க. கண்ணுல பட்டா சொல்லுங்க."

அடுத்த ஞாயிறு, மெத்தையின் விரிப்பை மாற்றிக்கொண்டே தம்பியிடம் கேட்டாள். "நான் கிளம்பலாம்னு இருக்கேன். எப்போ வர்றே?"

"நீ வண்டிய எடுத்துட்டுப் போனா அப்பாவோட பம்புக்கு?"

"பேட்டரியக் கழட்டி இங்கேயே வச்சுட்டுப் போறேன்."

"வண்டி ஓடினாத்தானே அது ஏறும்? நீதானேக்கா சொன்னே?"

"சார்ஜர் வாங்கி மாட்டிடறேன். விளக்கு இல்லாம நான் இருந்துக்கறேன். நீ வந்து இருப்பியா, அத மட்டும் சொல்லுடா."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார், தூக்கம் வந்தவர் மாதிரி. தம்பி, ஏற்கெனவே சரியாக இருந்த போர்வையை இன்னொரு தடவை இழுத்துவிட்டான். பிறகு செருப்பைத் தேடுகிறவன் போலக் குனிந்தபடியே அறையைவிட்டு வெளியே போனான்.