வலப்பக்கத்துச் சுவர்

இது நடந்தது. நம்பாதவர்களோடு வழக்காட எனக்குத் தெம்பில்லை. நாலு வருடமாகத் தூக்கம் கெட்டவள்தான் நான். ஆனால் கனவு எது, நிஜம் எது என்று தெரியாத அளவுக்கு இன்னும் மோசமாகவில்லை. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு நேரத்தையும் சொல்கிறேன். ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், பழைய படகுத்துறையைக் காட்டிப் பிழைக்கிற சின்ன ஊர். அங்கே ஒரு வயதான அம்மாவின் பிழைப்பில் மண்ணைப் போட எனக்கு மனசில்லை.

என் பெயர் மாரீன். கணவர் நார்மன் பஸ் டிரைவர். அவருடைய அப்பா நாலு வருடம் எங்கள் வீட்டில் படுக்கையாகக் கிடந்தார். ராத்திரி எது வேண்டுமென்றாலும் கைத்தடியால் சுவரைத் தட்டுவார். மூன்று தட்டு. நார்மன் எழுந்து ஓடுவார். செப்டம்பரில் பெரியவர் போய்ச் சேர்ந்தார். தட்டுவது நின்றது. நார்மன் எழுவது நிற்கவில்லை. அக்டோபரில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்து, பஸ்ஸை ஒரு மதிலில் உரசிவிட்டார். நல்லவேளை, பஸ் காலி. இன்னொரு முறை நடந்தால் வேலை போகும். இல்லாவிட்டால் யாராவது சாவார்கள்.

அதனால்தான் கிளம்பினோம். இரண்டு ராத்திரி. எனக்குக் கடலும் வேண்டாம், காட்சியும் வேண்டாம். அந்த மனிதர் ஒரு ராத்திரியாவது முழுசாகத் தூங்க வேண்டும். அவ்வளவுதான்.

நவம்பர் மாத வெள்ளிக்கிழமை. மாலை 4.10க்குப் போய்ச் சேர்ந்தபோதே இருட்டிவிட்டது. மூடுபனி வேறு. காரிலிருந்து வாசலுக்குப் பெட்டியைத் தூக்கிப் போவதற்குள் கார் மறைந்துவிட்டது. தண்ணீரை ஒட்டி ஒன்றோடொன்று சுவர் சேர்ந்த வீட்டு வரிசை. எங்களுக்கு ஐந்தாம் எண். நாலாம் எண்ணில் வீட்டுக்காரி மிஸஸ் கேட்ச்போல் இருந்தார். எழுபதைத் தாண்டியவர், ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றார்.

மறுநாள் விடிகாலை 5.10க்குக் கடல்நீர் ஏற்றம் உச்சத்துக்கு வரும் என்றார். தண்ணீர் தெருவுக்கு வரலாம். தண்ணீரைத் தடுக்க வாசல் சட்டத்தில் ஒரு பலகையைச் செருகிவிட்டு, ஏற்ற நாளில் ஒருவரையொருவர் எழுப்பும் அந்த வரிசையின் வழக்கத்தைச் சொன்னார்.

"முதல் வீட்டுக்காரர் எழுந்ததும் சுவரைத் தட்டுவார், கண்ணு. மூணு தட்டு. ரெண்டாவது வீடு பதிலுக்குத் தட்டிட்டு, மூணாவதுக்குத் தட்டும். அப்படியே நான் உங்களுக்குத் தட்டுவேன். நீங்க பதில் தட்டிடுங்க. தட்டலேன்னா வந்து கதவை இடிப்பேன்."

கதவை இடித்தால் நார்மன் எழுந்துவிடுவார். அந்தக் கவலையில் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. நான் அடுத்த வீட்டுக்குத் தட்ட வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குளிரில் நிற்கிற கிழவியை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பதா? அடுத்தவருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டார்கள் எங்களை.

6.20க்கு வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வலப்பக்கத்துச் சுவருக்கு அப்பால் யாரோ அடுப்புக்கரியைக் கிளறும் சத்தம். சரக்... சரக்... பிறகு ஒரு குழந்தை இருமியது.

"பக்கத்துல ஆள் இருக்காங்க போல," என்றேன்.

"இருக்கட்டும். எங்கப்பா மாதிரி தட்டாம இருந்தா சரி," என்று சிரித்தார் நார்மன். அவர் சிரித்து மூன்று மாதமாகியிருந்தது.

9.15க்கு மாடியில் படுத்தார். படுத்த கையோடு குறட்டை. 12.40, 2.15, 3.00... நான் விழித்து விழித்துப் பார்த்தேன். அவர் புரளக்கூட இல்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்தது.

4.32. இடப்பக்கத்துச் சுவரில் மூன்று தட்டு.

அடித்துப் பிடித்து எழுந்தேன். விரல் கணுவால் மெல்லத் திருப்பித் தட்டினேன். நார்மன் அசையவில்லை. அடுத்தது என் முறை என்று நினைத்தேன். சேதியை வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குச் சொல்லாமல் படுப்பது நன்றாகவா இருக்கும்? அங்கே குழந்தை வேறு இருக்கிறது. வலப்பக்கம் போய் மூன்று முறை தட்டினேன்.

பதில் இல்லை.

இன்னொரு முறை தட்டினேன். கொஞ்சம் பலமாக.

4.36. பதில் வந்தது. டக்... டக்... டக்...

என் கை உயரத்தில் இல்லை. தரையை ஒட்டி வந்தது.

சரி, ஏதோ குழந்தை தட்டுகிறது என்று படுக்கைக்குத் திரும்பினேன். மறுபடி மூன்று. மறுபடி மூன்று. நான் பதில் தட்டவில்லை. அவர்கள் நிறுத்தவில்லை.

4.45. தட்டு என் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. ஒரு கை இல்லை. இரண்டு, மூன்று கைகள்...

சுவரில் கை வைத்தேன். ஈரம். உள்ளே தண்ணீர் நகரும் சத்தம். கட்டிலையோ மேசையையோ இழுக்கிறார்கள்...

4.54. இடுப்பு உயரம்.

எழுப்பலாமா? நார்மனைப் பார்த்தேன். வாய் திறந்து, பச்சைப் பிள்ளையாகத் தூங்கினார். நாலு வருடம் கழித்து வந்த தூக்கம். எழுப்பினால் இனி எப்போது தூங்குவார்? இந்தச் சுவரை விட எனக்கு அந்தப் பஸ்தான் பெரிய பயம்.

எழுப்பவில்லை.

5.01. என் தலைக்கு மேலே. விரல் தட்டவில்லை. உள்ளங்கை அறைந்தது.

5.07. கூரைக்கு அருகே.

ஒரே ஒரு கை.

டக்...

5.10.

நின்றது.

விடியும் வரை தரையில் உட்கார்ந்திருந்தேன். 8.05க்கு நார்மன் சோம்பல் முறித்து, "எவ்வளவு நேரம் தூங்கினேன்?" என்றார். பதினோரு மணி நேரம் என்றேன். என் நெற்றியில் முத்தமிட்டார்.

வெளியே வந்தேன். பனி விலகியிருந்தது. எங்கள் வீட்டுக்கு வலப்பக்கம் வீடே இல்லை. படகை இறக்கும் சரிவும், அதைத் தாண்டி வெறும் தண்ணீரும்தான். எங்கள் வெளிச்சுவரில், மாடி உயரத்தில், ஒரு பழைய கணப்படுப்பின் கரிக்கறை மட்டும் இருந்தது.

மிஸஸ் கேட்ச்போல் வாசல் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

"நீங்கதான் கடைசின்னு நான் சொல்லியிருக்கணும்," என்றார்.

ஆறாம் வீடு ஒன்று இருந்ததாம். அவருக்கு ஆறு வயது இருக்கும்போது வந்த வெள்ளத்தில், தாயும் தகப்பனும் மூன்று பிள்ளைகளுமாக அந்த வீடே போய்விட்டது. அன்று எங்கள் ஐந்தாம் எண்ணில் ஒரு வெளியூர்த் தம்பதி இருந்தார்கள். எங்களைப் போலவே இரண்டு நாள் ஓய்வுக்கு வந்தவர்கள். இடப்பக்கம் தட்டியதற்குப் பதில் தட்டிவிட்டு, ஆறாம் வீட்டுக்குச் சேதி சொல்லாமல் இருந்துவிட்டார்கள். தண்ணீர் ஏறிய பிறகு ஆறாம் வீட்டில் இருந்தவர்கள் அந்தத் தம்பதியின் சுவரைத் தட்டியிருக்கிறார்கள். முதலில் கீழே. பிறகு மேலே மேலே...

"அந்தப் பொம்பளைக்கு எல்லாம் கேட்டிருக்கு. விசாரணையில அவளே ஒத்துக்கிட்டா. ஏன் யாரையும் கூப்பிடலைன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

"வீட்டுக்காரர் ரொம்ப நாள் கழிச்சுத் தூங்குறார், எழுப்ப மனசு வரலைன்னு சொன்னா."

இரண்டாவது ராத்திரி தங்கவில்லை. நார்மனுக்கு ஏன் என்று நான் சொல்லவும் இல்லை. அவர் இப்போது நன்றாகத் தூங்குகிறார். பஸ் ஒழுங்காக ஓடுகிறது. எங்கள் ஊரிலிருந்து கடல் நூறு மைல்.

நேற்று 4.32. மாமனாரின் காலி அறைப் பக்கத்துச் சுவரில் மூன்று தட்டு. தரையை ஒட்டி.

நார்மன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் எழுப்பவில்லை.