பிளாஸ்திரிக்கு அடியில் இருந்த பெயர்

வெந்தயமும் பூண்டும் சேர்ந்து வேகும் வாசம் எந்த வீட்டு ஜன்னலிலிருந்து வந்தாலும், என் கை தானாகக் கழுத்தின் இடப்பக்கத்துக்குப் போகிறது. இப்போது அங்கே ஒன்றுமில்லை. போன வருடம் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி இருந்தது. வலிக்கவில்லை. அதனாலேயே மூன்று மாதம் அதைக் கண்டுகொள்ளாமல் இருந்தேன். இதைப் படிப்பவர் யாருக்காவது அப்படி ஒன்று இருந்தால், வலிக்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

பயாப்ஸி (கட்டியில் சிறு துண்டை வெட்டியெடுத்துச் சோதிப்பது) முடிவு வந்த அன்று, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் நிதானமாகச் சொன்னார். லிம்போமா (நிணநீர் முடிச்சுகளில் தொடங்கும் புற்றுநோய்). மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு முறை கீமோ (நரம்பு வழியாக ஏற்றும் மருந்து).

"எனக்கு ஏன் சார் வந்துச்சு?"

"காரணம் தெரியாதும்மா. வைத்தியம் தெரியும்."

நல்ல பதில்தான். ஆனால் எனக்குப் போதவில்லை. காரைக்காலில் ஒரு பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். வசன கவிதை எழுதுகிறேன். எழுதும்போதுகூட வீட்டுக்குள் நடந்துகொண்டே எழுதுகிறவள். காரணமில்லாத ஒன்றுக்காக ஒரே இடத்தில் படுத்துக்கிடக்க என் உடம்புக்குத் தெரியவில்லை.

அந்த நாட்களில்தான் பக்கத்து வீட்டு ரீத்தா அக்கா ஒரு பை நிறையப் புத்தகங்களோடு வந்தார். அவருடைய வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அக்காவுக்குப் பாரீசிலிருந்து பென்ஷன் வருகிறது. அதற்காக வருடத்துக்கு ஒருமுறை, தான் உயிரோடிருப்பதாகச் சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும்.

"எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவ. நீ மூணு வாரத்துக்கு ஒருக்கா ரத்தம் குடுத்து நிரூபிக்கிற. உன் கவர்மெண்ட் ரொம்ப கறார்டி" என்றார்.

புத்தகங்கள் அமெரிக்காவின் தென்பகுதியில் நர்ஸாக இருக்கும் அவருடைய தங்கை மகள் அனுப்பியவை. எல்லாம் துப்பறியும் கதைகள், ஆனால் கத்தியும் ரத்தமும் கண்ணில் படாது. ஒரு சின்ன ஊர், ஒரே ஒரு சிக்னல் விளக்கு, வெள்ளையடித்த தேவாலயம். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் யாரோ ஒருவர் வரவில்லை என்றால் செத்துக்கிடக்கிறார் என்று அர்த்தம். ஆர்கன் வாசிக்கும் விதவையோ பாதிரியாரின் மனைவியோ, ஜெபத்துக்கும் அடுப்புக்கும் நடுவே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நடுநடுவே பீக்கன் பருப்பு வைத்துச் சுட்ட பலகாரம்.

"பீக்கன்னா என்னக்கா?"

"முந்திரிக்குத் தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கயேன். நீ கொலைய கவனி."

கவனித்தேன். என் ஆங்கிலம் மெதுவாக நடந்துபோகும் ஆங்கிலம். மருந்து ஏறிய தலைக்கு அந்த வேகம் சரியாக இருந்தது. நான் கோவிலுக்கும் போகாதவள், மாதா கோவிலுக்கும் போகாதவள். இருந்தாலும் அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடும் முன் கண்மூடும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் பிடித்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அங்கே எல்லாத் துன்பத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. கடைசி அத்தியாயத்தில் அதற்கு ஒரு பெயரும் இருந்தது.

இரண்டாவது கீமோவுக்குப் பிறகு வாயில் இரும்பு ருசி. சோற்று வாசமே குமட்டியது. எடை இறங்கிக்கொண்டே போனது. "இன்னும் இறங்குச்சுன்னா அடுத்த டோஸைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். தள்ளிவைத்தால் கட்டிக்கு அவகாசம் கிடைக்கும். ஆக, ஒரு டம்ளர் கஞ்சியில் வந்து நின்றது என் உயிர்.

மூன்றாவது கீமோவுக்கு மறுநாள், வியாழக்கிழமை காலை, எங்கள் கேட்டில் ஒரு எவர்சில்வர் தூக்கு தொங்கியது. உள்ளே வெந்தயக் கஞ்சி. ரீத்தா அக்காதான் எடுத்து வந்தார். வெள்ளை அணுக்கள் (கிருமியோடு சண்டைபோடும் ரத்த அணுக்கள்) குறைந்திருக்கும்போது வெளிச்சாப்பாடு ஆகாது. அதனால் மறுபடி கொதிக்கவைத்துக் கொடுத்தார். வேடிக்கை, அது உள்ளே போனது. போன இடத்தில் தங்கியது.

"யாருக்கா வச்சது?"

"எனக்கென்ன தெரியும். கேட்ல தொங்குச்சு."

ஒவ்வொரு கீமோவுக்கும் மறுநாள் தூக்கு வந்தது. காலியானதைக் கழுவி அதே கேட்டில் அக்கா மாட்டுவார், மறுநாள் இருக்காது. நான் புத்தகத்தில் படித்தபடி சந்தேகப் பட்டியல் போட்டேன். துறைமுகத்துக்கு விடிகாலையில் வேலைக்குப் போகும் என் கணவர்: அவருக்கு வெந்நீர் வைக்கத்தான் தெரியும். உடன் வேலைபார்க்கும் ஆசிரியைகள்: செய்திருந்தால் சொல்லியிருப்பார்கள். ரீத்தா அக்கா?

"நான் சமைச்சத தின்னுருந்தா நோய் தேவையில்ல, நானே மேல அனுப்பியிருப்பேன் உன்ன" என்றார்.

நான்காவது கீமோவுக்கு மறுநாள், வீட்டில் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படித்த கதையில் ஒரு துக்க வீடு வந்தது. அந்த ஊரிலும் செத்த வீட்டில் அடுப்பு பற்றவைப்பதில்லை போலிருக்கிறது; அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பாத்திரம் மாறிவிடாமலிருக்க அடியில் நாடா ஒட்டிப் பெயர் எழுதுகிறார்கள். நாம் பெயர் வெட்டிவைக்கிறோம், அவர்கள் ஒட்டுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்துச் சிரித்தேன். அடுத்த பக்கத்தில் போலீஸ் அதிகாரி, செத்தவரின் மனைவியைச் சந்தேகப்படுகிறார். அவள் அழவில்லை என்பதுதான் ஒரே காரணம்.

புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஆறு வருடத்துக்கு முன் என் அண்ணன் இறந்தான். சிறுநீரகம் பழுதாகி இரண்டு வருடம் கிடந்து இறந்தான். நெடுங்காட்டில் அந்த வீட்டுக் கூடத்தில் எல்லோரும் அழுதோம். மல்லிகா அண்ணி மட்டும் அழாமல் அறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். நான் அதை ஒரு வசன கவிதையாக எழுதினேன். ஒரு சிறுபத்திரிகையில் வந்தது. நன்றாக இருப்பதாகப் பலர் சொன்னார்கள். அண்ணி அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

எழுந்து சமையலறைக்குப் போனேன். தூக்கைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி, நான்கு மூலையும் பிரியாமல் ஒட்டியிருந்தது. ஓட்டையை அடைத்திருக்கிறார்கள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். நகத்தால் உரித்தேன். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து: "அண்ணன் திருமணத்துக்கு, தங்கை கலைச்செல்வி அன்பளிப்பு."

என் பெயரை வைத்துத்தான் அவரைக் கண்டுபிடித்தேன்.

"பாவசங்கீர்த்தனம் பண்ணுங்கக்கா, மறைச்சத ஒத்துக்கங்க" என்று ரீத்தா அக்கா முன்னால் தூக்கை வைத்தேன்.

"ஒங்கண்ணி ஒம் புருசன்கிட்ட விஷயம் கேட்டாளாம். சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாடி. நீ குடிக்க மாட்டேன்னு பயம் அவளுக்கு."

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. நோயில் அதையும் மறந்திருந்தேன். பிளாஸ்திரி இல்லாத தூக்கில் ஒரு கை சர்க்கரை போட்டு, நானே கேட்டில் மாட்டினேன்.

ஐந்தாவது கீமோ முடிந்தது. வியாழக்கிழமை விடிந்தது. கேட்டில் ஒன்றுமில்லை.

அன்றைக்கு எதுவும் இறங்கவில்லை. பசி என்று நான் நம்பியிருந்தது, யார் என்று தெரிந்துகொள்ளும் ஆவல்தானோ என்று தோன்றியது. கண்டுபிடித்ததால் கெடுத்துவிட்டேனோ என்றும் தோன்றியது. வெள்ளிக்கிழமை காலை, கேட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். முதல் பஸ்ஸிலிருந்து இறங்கி அண்ணி வந்துகொண்டிருந்தார், கையில் தூக்கோடு.

"நேத்து வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு. நாத்தங்கால்ல நின்னேன். வர முடியல" என்றார். ஆறு வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"உள்ள வாங்கண்ணி."

"தலையில துணி கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிற. காத்து அடிக்குது, போ உள்ள."

அவர் கொதிக்கவைத்து ஊற்றிக் கொடுத்ததைக் குடித்து முடித்தேன். பிறகு நான், எழுதியது தப்பு என்றேன்.

"மூணு தடவ படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. அதாங் கோவம்" என்றார். டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, "அன்னிக்கு ஒங்கண்ணன் கண்ணாடியத் தேடிக்கிட்டு இருந்தேன். அது இல்லாம அவருக்கு ஒண்ணும் தெரியாதுல்ல. எங்க தேடியும் கெடைக்கல" என்றார்.

இரண்டு வருடம் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் அவர் என்ன செய்தார் என்று எனக்கு அதுவரை கேட்கத் தோன்றவில்லை. துப்பறிகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

எடை நின்றது. ஆறாவது கீமோவும் தள்ளிப்போகவில்லை. ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டரைப் பார்க்க அண்ணியும் கூட வந்தார். "இப்போதைக்கு நோய் தெரியல. செக்கப்புக்கு வந்துட்டுப் போயிட்டு இருக்கணும்" என்றார் டாக்டர். இப்போதைக்கு என்ற சொல்லை முன்பெல்லாம் நான் சந்தேகத்தோடு பார்ப்பேன். இப்போது அது ஓர் இடம்போல இருக்கிறது, அதில் உட்கார முடிகிறது. முடி முளைக்கும்போது தலையில் ஒரு குறுகுறுப்பு. உடம்பு எனக்கு இன்னும் வாசித்து முடிக்காத ஒன்றாகத் தெரிகிறது. நாட்களை மூன்று வாரங்களாக எண்ணுவதை விட்டுவிட்டேன். இப்போது முதல் பஸ் வரும் நேரம் மட்டும்தான் தெரிகிறது.

டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த அன்று காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் நெடுங்காட்டு பஸ்ஸுக்காக நின்றோம். அந்தக் கதையை முழுக்கச் சொன்னேன். அழாத அந்த மனைவி குற்றவாளி இல்லை என்றேன்.

"அது தெரிஞ்சதுதான. அதுக்கு அத்தன பக்கமா?" என்றார்.

பஸ் வந்தது. அண்ணி முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து, காலித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டார். நான் இதை எழுதட்டுமா என்று கேட்டேன். வண்டி நகர்ந்தது.

"எழுதுனா எழுது. நா அழுதேன்னு மட்டும் எழுதிடாத."