பாபநாசத்தில் கரையேறிய வேட்டி

தொண்ணூறுகளின் நடுவில், ஆவணி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. சாரல் ஓய்ந்து தாமிரபரணியில் பாறைகள் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. எங்கள் ஊரான பாபநாசத்தில், காரியம் முடித்தவர்கள் இறந்தவரின் துணியை ஆற்றில் விட்டுவிடுவார்கள். நானும் அப்பாவின் வேட்டியை விட்டேன். அப்படி விட்டதை உள்ளூரில் யாரும் எடுத்துக் கட்டமாட்டார்கள். பாறையில் மாட்டினால் மாட்டிய இடத்திலேயே கிடந்து மக்கும்.

சனிக்கிழமை காலை அந்த வேட்டி டீக்கடை பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அதற்குள் ஒரு வெள்ளைக்காரன் இருந்தான்.

சந்தேகத்துக்கே இடமில்லை. தலைகீழாகக் கட்டியிருந்ததால், எங்கள் வீட்டுத் துணிகளுக்குச் சலவைக்காரர் போடும் கறுப்புக் குறி அவன் இடுப்பில் தெரிந்தது. பக்கத்திலேயே, வெள்ளை நூல் தீர்ந்துபோன ஒருநாள் அம்மா பச்சை நூலால் போட்ட தையல்.

ஆற்றங்கரைத் தோப்பில் அந்த ஆண்டு ஒரு யோகா முகாம் நடந்தது. அதற்கு முதுகு மூட்டையோடு வந்த வெளிநாட்டவர்களில் பலர் ரிஷிகேசத்தில் தொடங்கி, கோவாவில் படுத்துக் கிடந்து, இங்கே மூச்சுப் பயிற்சி முடித்து, மாஞ்சோலை மலைக்கு ஏறுவார்கள். பிறகு வடக்கே இமயமலைப் பள்ளத்தாக்குகளுக்குப் போவார்கள். நூலகத்தில் இருந்த பயண நூல்களையெல்லாம் படித்தவன் என்பதால் இவர்களிடம் எனக்கு ஒரு மயக்கம் இருந்தது. பேச்சுக் கொடுத்துப் பார்த்ததில் அது தெளிந்தது. செலவில்லாமல் வாழ்வதைப் பற்றியே பேசினார்கள். அதற்குத் துறவு என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

மறுநாள் ஞாயிறு காலை அம்மாவை நாங்குநேரிக்கு அழைத்துப் போவதற்காக மாமா வந்து தங்கியிருந்தார். பதினாறு கழிந்ததும் உடன்பிறந்தவன் வந்து கொஞ்ச நாள் கூட்டிப்போவது எங்கள் வழக்கம். அதுவரை அறையை விட்டு வெளியே வராத அம்மா, இந்தத் தெரு வழியாகத்தான் பஸ் ஏறப் போகவேண்டும். அவள் கண்ணில் படுவதற்குள் வேட்டியை வாங்கிவிட வேண்டும்.

ஆங்கிலத்தில் அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"நதி எனக்குக் கொடுத்தது. மரணத்துக்கு அஞ்சக் கூடாது என்று உங்கள் நாடுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. நீங்கள் ஏன் அஞ்சுகிறீர்கள்?"

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த முகாம் சமையல்கார அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"செத்தவங்க துணின்னு அன்னைக்கே சொன்னேன் வே. சிரிக்கான்! நம்ம மொளகு ரசம் மட்டும் இவனுக்கு உறைக்குது."

வீட்டுக்குப் போய்ப் புது வேட்டி ஒன்றை எடுத்து வந்து மாற்றாகக் கொடுத்தேன். விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, முரடாக இருக்கிறது என்று திருப்பித் தந்தான்.

"உருவிருவோமா தம்பி?" என்றார் அண்ணாச்சி. எனக்குக் கை வரவில்லை. "அப்பம் விடும். நாளைக்கு விடிய மாஞ்சோலைக்குப் போறான். சனியன் தொலையட்டும்."

அதை நம்பி, ஞாயிற்றுக்கிழமை அம்மாவை வேண்டுமென்றே தாமதமாகப் புறப்படச் செய்தேன். அவனும் தாமதமாகவே வந்திருந்தான். பஸ் நிறுத்தத்தில் மூட்டையோடு நின்றவன் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பி "நமஸ்தே" என்றான்.

அம்மா நின்றுவிட்டாள்.

"ஏலே, இது யாரு வேட்டி?"

"கேட்டுப் பாத்தேம்மா. தரமாட்டேங்கான்."

"கேட்டியா? கேக்கதுக்கு இதென்ன இரவலா?"

நேராக அவனிடம் போனாள். ஆசி வழங்க வருகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, தலை குனிந்தான். அம்மா வேட்டியின் முனையைப் பிடித்து இழுத்தாள். அவன் பதறி மறுமுனையைப் பிடித்தான். பழைய துணி, பச்சைத் தையலோடு இரண்டாகக் கிழிந்தது. அரைக்கால் சட்டையோடு நின்றவனைப் பார்த்து நிறுத்தமே சிரித்தது. "விடாதீய ஆச்சி!" என்று ஒரு குரல். அகிம்சை பிறந்த நாடா இது என்று அவன் ஆங்கிலத்தில் கத்தினான். அம்பாசமுத்திரம் பஸ் வந்ததும், கையில் மிஞ்சிய பாதியைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு ஏறிவிட்டான்.

"அவன் ஏறின பஸ்ல நான் ஏறமாட்டேன்" என்றாள் அம்மா. பிறகு தன் கையிலிருந்த பாதியைப் பார்த்தாள். "அந்தப் பாதி இல்லாம வீட்டுக்கு வராத."

அவளை மாமாவிடம் விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் அம்பாசமுத்திரம் போய், அங்கிருந்து மாஞ்சோலைக்கு ஏறினேன். முதல் தடவை. பனி இறங்கிய கடை ஒன்றின் வாசலில் அந்தத் தலைப்பாகையோடு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் மறுபடியும் நதியைப் பற்றித் தொடங்கினான். நான் எதுவும் கேட்கவில்லை. தலையிலிருந்து உருவினேன். கூடவே கொஞ்சம் முடியும் வந்தது. அதற்காக நான் வருந்தவில்லை, இன்றுவரை.

இறங்கும் பஸ்ஸில், பள்ளத்தாக்கைப் பாருங்கள் என்று பக்கத்து இருக்கைக்காரர் இருமுறை சொன்னார். நான் மடியிலிருந்த துணியை, இனி யாரும் எடுத்துக் கட்டமுடியாதபடி, பொடிப்பொடியாகக் கிழித்துக்கொண்டிருந்தேன்.