திண்டுக்கல் பூட்டும் மாட்டுச் சங்கிலியும்

எனக்கென்று வாங்கிய சைக்கிளை வெகுநாள் வரைக்கும் நான் காவல் காத்ததோடு சரி. இஷ்டத்துக்கு ஓட்டினது கிடையாது. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சீமையிலிருந்து சைக்கிள் வருவது நின்றுபோயிருந்தது. டயர் கிடைக்காது, டியூப் கிடைக்காது. எங்கள் வீடு குத்துக்கல்வலசையில். அப்பாவின் ஜவுளிக்கடையும் என் பள்ளிக்கூடமும் தென்காசி ஊருக்குள். என்னைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம், செங்கோட்டைக் கணக்குப்பிள்ளை ஒருவர் வேலை மாற்றலாகிக் கொல்லத்துக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு, அப்பா போய் அவருடைய சைக்கிளைப் பேசி முடித்துக்கொண்டு வந்தார். பிள்ளைகளுக்கென்று சின்னச் சைக்கிள் உண்டு என்பதே அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. சட்டை தைத்தாலும் வளருத பிள்ளை என்று தொளதொளவெனத் தைக்கச் சொல்லுகிற அப்பாவுக்கு, என் மூக்கு உயரத்துக்கு நின்ற அந்தச் சைக்கிள் ரொம்பப் பொருத்தமாகப் பட்டிருக்கிறது. வளர்ந்தால் கால் எட்டிவிடும் என்றார். அதுவரைக்கும் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

அதுவரைக்கும் செய்ய வேண்டியது காவல். அந்தச் சமயம் ஊரில் சைக்கிள் திருட்டுப் பேச்சு கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது. யாரோ கோயில் வாசலில் நிறுத்திவிட்டுச் சாமி கும்பிட்டு வருவதற்குள் காணோமாம். இன்னொருத்தர் வைத்தியர் வீட்டு வாசலில் விட்டாராம், ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விற்றுவிட்டார்களாம். அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்து ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கினார். என் கை அகலத்துக்கு இருந்தது அது, நெல் கிட்டங்கிக்குப் போடுகிற பூட்டு. பூட்டுக்குத் தக்க சங்கிலி வேண்டுமே என்று மாட்டைக் கட்டுகிற இரும்புச் சங்கிலியை எடுத்துக்கொண்டார். மாட்டுக்குத் தும்புக்கயிறு வந்தது. அது அந்தக் கயிற்றை ஒரே வாரத்தில் அறுத்துக்கொண்டு அடுத்த வீட்டு வாழைக் கன்றுகளைத் தின்றுவிட்டது. அதற்கும் என்னைத்தான் வைதார்கள்.

பூட்டுகிற விதமும் அப்பாவே சொல்லிக்கொடுத்தார். முன் சக்கரத்தில் விட்டு, நடுக்கம்பியைச் சுற்றி, பின் சக்கரத்தில் வாங்கிப் பூட்ட வேண்டும். உருட்டவும் முடியாது, ஏறவும் முடியாது. பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று அப்பாவின் கடைச் சாவிக் கொத்தில் போயிற்று. இன்னொன்றை என் அரைஞாண் கயிற்றில் அவரே சணல் போட்டுக் கட்டிவிட்டார். குளிக்கும்போதும் கழற்றக் கூடாது என்றார். பிறகு என் தோளைப் பிடித்து நிறுத்தி ஒன்று சொன்னார்:

"யாரு கேட்டாலும் குடுக்கப்பிடாது. நம்ம வீட்டு ஆளு கேட்டாலும் குடுக்கப்பிடாது. கேட்டியாலே?"

நான் பெரிய பொறுப்பு வந்துவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். முற்றத்தில் மாமா மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும். கேட்காமல் எப்படி இருக்கும்?

மாமா என்றால் அம்மாவின் தம்பி. இலத்தூரில் தாத்தா இறந்து நிலமும் கைவிட்டுப் போன பிறகு எங்களோடு வந்து இருந்தார். கடையில் துணி கிழித்துக் கொடுப்பார், வீட்டில் மாடு பார்ப்பார், அம்மா சொல்லுகிற இடத்துக்கெல்லாம் போய் வருவார். அவர் வந்த வருஷம் எங்கள் வீட்டுப் பூஜை அறையிலிருந்து ஒரு வெள்ளிச் செம்பு காணாமல் போயிற்று. யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது மாமா இல்லை என்று மறுத்திருக்கலாம். மாமா எடுத்திருக்க மாட்டார் என்று நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் பூஜை அறைப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர் இலை போட்டுக்கொள்வார். அவருக்குப் பசிக்க நேரமாகும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சைக்கிள் பழக்கிவிட்டது மாமாதான். அப்பா கடைக்குப் போன பிறகு, நான் சாவி போட்டுத் திறப்பேன். அவர் சங்கிலியைத் தொடமாட்டார், தள்ளி நிற்பார். நடுக்கம்பிக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு நான் போக, அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவருவார். என் முழங்கால் இரண்டும் தோல் உரிந்து கிடந்தன. அப்பா சைக்கிளில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். முழங்காலைப் பார்க்கவில்லை.

ஆனி கடைசியில் சாரல் கட்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் குற்றாலம் போய்வந்த கதையே பேசினார்கள். எனக்குச் சொந்தமாகச் சைக்கிள் இருந்தும் நான் மட்டும் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் அழுது பிடிவாதம் பிடித்தேன். ஞாயிறும் அப்பா கடையில்தான் இருப்பார். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மாமாவைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இவன கூட்டிட்டுப் போய்க் குளிப்பாட்டிட்டு வா. அவுக வரதுக்குள்ள வந்துருங்க."

மாமா, அத்தானிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டுமா என்றார். நான் சொல்லிக்கொள்ளுகிறேன் என்றாள் அம்மா. அம்மா சொன்னால் போதாதா? அது அவள் வீடு இல்லையா? சைக்கிள் அவள் பிள்ளையுடையது இல்லையா?

முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்காரவைத்துக்கொண்டு மாமா மிதித்தார். மேலகரம் தாண்டும்போதே முகத்தில் சாரல் அடித்தது. மலைமேல் மேகம் இறங்கிக் கிடந்தது. மாமா பாடிக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் அவர் பாடி நான் கேட்டதில்லை.

பேரருவிக்குப் போகிற வழியில் ஒரு மரத்தடியில் நான்தான் பூட்டினேன், அப்பா சொல்லிக்கொடுத்தபடியே, இரண்டு சக்கரத்திலும் வாங்கி. எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கும்போது மாமா என் இடுப்பைப் பார்த்துவிட்டு, சணல் இற்றுப்போய்க் கிடக்கிறது, அருவித் தண்ணீர் அறுத்துவிடும், என்னிடம் கொடு, வேட்டி முனையில் முடிந்துகொள்ளுகிறேன் என்றார். நான் சாவியைக் கையால் மூடிக்கொண்டேன். அப்பா கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், நம்ம வீட்டு ஆள் கேட்டாலும் கூடாதாம் என்று அப்படியே ஒப்பித்தேன். மாமா சிரித்தார். சரி மருமவனே, நீயே வச்சுக்கோ என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தார்.

அருவி சாவியைக் கொண்டுபோயிற்று. அரைஞாண் கயிறு இருந்தது, சணலும் சாவியும் இல்லை. பாறை இடுக்கெல்லாம் தடவிப் பார்த்தோம். அத்தனை தண்ணீரில் ஒரு சாவியை எங்கே தேடுவது? நான் அழ ஆரம்பித்தேன். மாமா ஒரு கல்லை எடுத்துப் பூட்டைத் தட்டிப் பார்த்தார். திண்டுக்கல்காரன் செய்த பூட்டு, மசியவில்லை. ஆனால் தலை துவட்டிக்கொண்டிருந்த ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கூடிவிட்டார்கள். பூட்டைக் கல்லால் அடிக்கிறவனை யார்தான் நல்லவன் என்பார்கள்? மாமா கல்லைப் போட்டுவிட்டு, துண்டைச் சும்மாடு கூட்டித் தலையில் வைத்து, சைக்கிளைத் தூக்கிக்கொண்டார்.

அத்தனை பெரிய இரும்பு, அதன்மேல் மாட்டுச் சங்கிலி வேறு. குற்றாலத்திலிருந்து தென்காசி வரைக்கும் அவர் அதைச் சுமந்தார். நடுவில் இரண்டொரு இடத்தில் இறக்கி வைத்துக் கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். அதிலும் பாருங்கள், வழியில் ஒருத்தனாவது ஒரு கை பிடித்தானா? குதிரை வண்டியில் போனவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். மேலகரத்தில் ஒருத்தன், எங்கே அமுக்கினது என்று கூப்பிட்டே கேட்டான். சைக்கிளுக்குக் கால் சுளுக்கு என்று மாமா சொன்னார். நான் கூடவே ஓடிக்கொண்டு, எங்க சைக்கிள், எங்க சைக்கிள் என்று எல்லோரிடமும் கத்தினேன். கத்தக் கத்தச் சந்தேகம்தான் கூடிற்று.

தென்காசி எல்லையில் ஏட்டையா ஒருவர் மறித்தார். மாமா களைத்துப்போயிருந்தார், ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. இத்தனை நாள் இது எங்களைச் சுமந்தது, இன்றைக்கு நாங்கள் சுமக்கிறோம் என்றார். ஏட்டையாவுக்குச் சிரிக்கத் தெரியாது. ஸ்டேஷனுக்கு நட என்றார். அங்கேயும் மாமாதான் சுமந்துகொண்டு போனார். திருட்டுச் சொத்தைத் திருடனே சுமந்து வந்து ஒப்படைத்தால் போலீசுக்கு எவ்வளவு வசதி!

அப்பாவுக்கு ஆள் போயிற்று. எனக்கு அப்போதே பாதி அழுகை நின்றுவிட்டது. அப்பா வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏட்டையா எழுந்து நின்று மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன். அப்பா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். முதலில் சைக்கிளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சுவரோரம் உட்கார்ந்திருந்த மாமாவை அதன் பிறகுதான் பார்த்தார்.

ஏட்டையா மரியாதையாகவே கேட்டார்.

"அண்ணாச்சி, இந்த ஆளு உங்க மச்சினன்னு சொல்லுதான். உங்ககிட்ட கேட்டுத்தான் சைக்கிள எடுத்தானா?"

அப்பா குடையை மூலையில் சாத்தி வைத்தார். அவசரமே இல்லை அவருக்கு.

"எங்கிட்ட யாரும் கேக்கல" என்றார்.

ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஆறாதது அதுதான். பொய் சொல்லியிருந்தாலாவது, அவருடைய சொந்தப் பிள்ளையாகிய நானே எதிர்த்துச் சொல்லியிருப்பேன். அம்மாதான் அனுப்பினாள், அம்மாதான் சொன்னாள் என்று நான் கத்தினேன். அதற்குள் ஏட்டையா மாமாவை எழுப்பிக் கன்னத்தில் அறைந்துவிட்டார். மாமா தடுக்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சரி விட்டுருங்க, வீட்டு விஷயம் என்று அப்பா சொன்னார். அதை ஒரு நிமிஷம் முன்னால் சொல்வதற்கு என்ன கேடு? வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்?

பிறகு அப்பா சாவிக் கொத்தை எடுத்துத் தம்மிடம் இருந்த சாவியால் பூட்டைத் திறந்தார். சங்கிலி கலகலவென்று கீழே விழுந்தது. சக்கரம் சுற்றுகிறதா என்று ஒரு தரம் சுற்றிப் பார்த்துக்கொண்டார். வீடு வரைக்கும் அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் போனார். நான் அவருக்குப் பின்னால். மாமா எங்களை விட்டு வெகு தூரத்தில் வந்தார்.

வீட்டில் சண்டை நடக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. அம்மா மாமாவின் கன்னத்தைப் பார்த்தாள், அப்பாவுக்குச் சோறு போட்டாள். மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் மாமா போய்விட்டிருந்தார். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம், சேர்ந்துவிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருநெல்வேலி ரயிலுக்குப் போனாராம். என்னிடம் சொல்லாமல் போய்விட்டாரே என்று எனக்கு அவர்மேலும் கோபம். அத்தனை தூரம் என் சைக்கிளைச் சுமந்த மனுஷர், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா?

அந்த வாரமே இன்னொரு அதிசயம் நடந்தது. அப்பா மாட்டுச் சங்கிலியைச் சைக்கிளிலிருந்து எடுத்துப் பழையபடி மாட்டுக்கே கட்டிவிட்டார். திண்டுக்கல் பூட்டு கடையின் பின்கதவுக்குப் போயிற்று. சைக்கிள் பூட்டில்லாமல் முற்றத்தில் நின்றது, வாசல் கதவு திறந்து கிடக்கும்போதும் நின்றது. நான் இஷ்டத்துக்கு எடுத்தேன், ஓட்டினேன், பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் சும்மா சாய்த்து வைத்தேன். பூட்டினாயா என்று அப்பா ஒரு நாளும் கேட்கவில்லை.

எனக்கு அளவில்லாத சந்தோஷம். ஸ்டேஷனில் விழுந்த அந்த ஓர் அறையைக் கேள்விப்பட்டுத் திருடர்களெல்லாம் ஊரை விட்டே ஓடியிருப்பார்கள் என்று முடிவு செய்துகொண்டேன். வகுப்பிலும் சொல்லித் திரிந்தேன். ஒரு நாள் சாயங்காலம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடிப்போய் அதையே சொன்னேன்.

"எம்மா, இப்ப நம்ம வீட்டுக்குத் திருட்டுப் பயமே இல்ல, பாத்தியா."

அதுவரைக்கும் என்மேல் கை வைத்தறியாத அம்மா, வாளியைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை அறைந்தாள். ஏன் அடித்தாய் என்று கேட்டேன். அவள் மாட்டின் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். நல்ல சேதி சொன்ன பிள்ளையை அடிக்கிற அநியாயம் எந்த வீட்டிலாவது உண்டா என்று குமுறிக்கொண்டே நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டேன்.