மனோ அண்ணன் ஏன் எப்போதும் கடைசியாகப் பேசினார்

மனோ அண்ணன் போய்விட்டார்... எண்ணூரில், அவர் வீட்டில், தூக்கத்திலேயே.

காலையில் அண்ணி போன் பண்ணிச் சொன்னார். மதியம் போய்ப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

என் ஃபிரெண்ட்ஸ் லிஸ்டில் இருக்கிற பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. தெரிந்துகொள்ளுங்கள்.

தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது இருக்கும். டோல்கேட் ஏரியாவில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில், மாதாமாதம் இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் ஒரு பதினைந்து பேர் கூடுவோம். பாட்டுக் கேட்க. பாடுவதற்கு இல்லை, கேட்க மட்டும்!

"பாட்டு கேக்க ஒரு சங்கமா? ரேடியோ இன்னா ஆச்சு?" என்று எங்கள் வீட்டில் சிரிப்பார்கள்.

யாராவது ஒருவர் கேசட் கொண்டுவருவார். பாட்டு ஓடும்போது மூச்சுவிடக் கூடாது. முடிந்ததும் ஒவ்வொருவரும் அதில் தான் கேட்ட ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். வயலின் எங்கே நுழைந்தது, பாடியவர் எங்கே மூச்சு வாங்கினார்... எதுவானாலும் சரி. அதுதான் எங்கள் வழக்கம்.

மனோ அண்ணன் ஒரு இரும்புக் கம்பெனியில், சம்மட்டி மெஷின் பக்கத்திலேயே இருபது வருஷம் நின்றவர். கூட்டத்தில் எப்போதும் கடைசியாகத்தான் பேசுவார். எல்லோரும் சொன்னதைக் கோர்த்து, அழகாக ஒன்று சொல்வார்.

"என்ன காதுய்யா உனக்கு!" என்று சென்டர் நடத்திய டியூஷன் சார் அப்படியே சொக்கிப்போவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்தவங்க சொன்னதைத் திருடிப் பெயர் வாங்குகிறாரே என்று. எனக்கு அப்போதே வாய் ஜாஸ்தி... பெயர் கூப்பிடுகிற வேலை வேறு என்னுடையது. ஒரு மாதம் வேண்டுமென்றே, "இன்னிக்கு மனோ அண்ணன் ஃபர்ஸ்ட்" என்றேன்.

அன்றைக்கு ஓடியது வெறும் புல்லாங்குழல். கூட ஒரு தம்புரா. அவ்வளவுதான்.

அண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தபேலா... ஷோக்கா கீது."

"அண்ணே, தபேலாவே இல்லியே அதுல!" என்றேன். ஹாலே சிரித்தது. அவரும் சிரித்தார்.

டீ வருவதற்குள் ஷிப்ட் இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வேனில் பழவேற்காடு போவோம். வேன் பிடித்துக் கொடுப்பது அண்ணன்தான். உண்மையைச் சொல்கிறேன்... நான் எண்ணூருக்கு அவரைத் தேடிப் போனது வேனுக்காகத்தான்.

கதவு திறந்தே இருந்தது. அண்ணன் முதுகைக் காட்டி உட்கார்ந்து முறத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "அண்ணே!" என்றேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். ஓஹோ, கோபமா என்று நினைத்தேன்.

அண்ணி உள்ளேயிருந்து வந்தார். "கூப்டா கேக்காதும்மா அவருக்கு. முன்னாடி போய் நின்னு பேசு."

எனக்குப் புரியவில்லை.

"அந்த மெஷின் சத்தத்துல போனதும்மா. ஒரு காது சுத்தமா இல்ல. இன்னொன்னுல டமடமன்னு அடிச்சா கொஞ்சம் கேக்கும்."

"அப்போ எதுக்கு அண்ணி மாசாமாசம் வந்துகினு இருந்தாரு?"

"நீங்கோ பேசறத பாக்கத்தான். வாயப் பாத்தே புரிஞ்சிக்குவாரு. எல்லாரும் சொல்லி முடிக்கறதுக்குள்ள பாட்டு முழுசா வந்துடும்பாரு. வூட்டுக்கு வந்து எனக்கு ஒப்பிப்பாரு. வெளிய சொல்லாதடின்னு சத்தியம் வாங்கிகினாரு... காது கேக்காதவனுக்கு பாட்டு சங்கத்துல இன்னா வேலைன்னு வெளிய அனுப்பிடுவாங்களாம்."

என்னை யாரோ செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அதற்குள் அண்ணன் திரும்பிப் பார்த்துவிட்டார். "இன்னாம்மா, வேன் வேணுமா?"

அழுதுவிட்டேன். நடுவீட்டில் நின்று, மூக்கு ஒழுக ஒழுக.

"அட, அளுவாத. வேன் புடிச்சித் தரேன். நான் வர்ல."

"நீங்க வராம எங்களுக்கு எதுக்குண்ணே வேனு?"

"வந்து? மறுபடியும் தபேலான்னுவேன். நீ சிரிப்ப."

"உங்க எதிர்ல உக்காந்துக்கிறேன். எல்லாத்தையும் சொல்றேன். யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். சாமி சத்தியமா."

கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தார். "மெதுவா பேசணும். நீ கடகடன்னு பேசுவ" என்றார்.

பழவேற்காட்டுக்கு வந்தார். அதற்கப்புறம் எந்தக் கூட்டத்தையும் விடவில்லை.

நான் அவர் எதிரிலேயே உட்காருவேன். அவருக்குச் சொல்ல வேண்டுமே என்று ஒவ்வொரு பாட்டையும் பரீட்சைக்குப் படிப்பது மாதிரி கேட்பேன். "இன்னா, அண்ணனுக்கு மட்டும் ஸ்பெஷல் கமென்ட்ரியா?" என்று கிண்டல் பண்ணுவார்கள். பண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏழெட்டு வருஷம் அப்படி ஓடியது. டியூஷன் சென்டரை இடித்தார்கள், கூட்டம் நின்றுபோனது. ஆனால் கைக்கு செல்போன் வந்திருந்தது. இரண்டாவது ஞாயிறு ஒரு பாட்டைக் கேட்டு, அது எப்படி இருந்தது என்று எழுதி அவருக்கு அனுப்புவேன்.

ஒரே வார்த்தையில் பதில் வரும். "ஷோக்கு."

போன மாதம் வரை வந்தது...

இன்று டியூஷன் சார் வந்திருந்தார். எண்பது தாண்டிவிட்டது, மகள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். அண்ணன் தலைமாட்டில் நின்று என்னிடம் சொன்னார். "மனோ மாதிரி காது நம்ம கூட்டத்துல யாருக்கும் இல்லம்மா."

நானும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "ஆமா சார்" என்றேன்.

சார், இதைப் படித்தால் என்மேல் கோபப்படாதீர்கள்.

கிளம்பும்போது அண்ணியிடம் கேட்டேன், இதையெல்லாம் எழுதட்டுமா என்று. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதும்மா. இனிமே யாரு அவர வெளிய அனுப்பப் போறாங்க."

போய் வாங்கண்ணே...