அகல மானிட்டரில் கருட சேவை

கல்லூரிக் கடைசி வருடத்தில், பிரவுசரிலேயே ஓடும் விளையாட்டு ஒன்று செய்தேன். கருட வாகனத்தில் பெருமாள் வீதியில் வருவார். காற்றில் குடை சாயும். அம்புக்குறி விசைகளைத் தட்டித் தட்டிக் குடையை அவர் தலைக்கு மேலேயே பிடிக்க வேண்டும். அவர்மேல் வெயில் பட்டால் ஆட்டம் முடிந்தது. கருட சேவைக்குப் பேர்போன சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்தவளுக்கு வேறென்ன தோன்றும்?

அப்பா கோயிலில் ஆழ்வார் பாசுரங்களைச் சேர்ந்து பாடி பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் இருந்தார். மௌஸைத் தொடவே பயப்படுவார். ஆனால் கோஷ்டியில் ஒருவர் விடாமல், "பொண்ணு பெருமாளைப் புறப்பாடு பண்ணி வெச்சிருக்கா, வந்து சேவியுங்கோ" என்று சொல்லிவைத்திருந்தார்.

முதலில் ஆட்டம் பிரவுசரின் நடுவில் சின்னதாகத்தான் தெரிந்தது. இத்தனை பேர் தள்ளி உட்கார்ந்து பார்க்கப் போகிறார்களே என்று விண்டோ முழுக்க நிரம்பும்படி மாற்றினேன். படத்தின் அகலத்தை விண்டோவின் அகலத்துக்கும், உயரத்தை அதன் உயரத்துக்கும் தனித்தனியாக இழுத்துவிட்டேன். எங்கள் வீட்டுப் பழைய பெட்டி மானிட்டர் ஏறக்குறைய படத்தின் வடிவிலேயே இருந்ததால் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

காட்டியதோ செவிலிமேட்டில், சித்தப்பா வீட்டில். எல்லோரும் உட்கார அங்கேதான் இடம். அவர் புதிதாக அகல மானிட்டரும் வாங்கியிருந்தார். கோயிலில் காலை சேவாகாலம் முடிந்த கையோடு கோஷ்டி மாமாக்கள் அப்பாவுடன் வந்து உட்கார்ந்தார்கள். விளையாட்டைத் திறந்தேன்.

பெருமாள் பக்கவாட்டில் பருத்துப்போயிருந்தார். கருடனின் மூக்கு கன்னம்வரை பரவியிருந்தது. குடை தோசைக்கல் மாதிரி தட்டையாகக் கிடந்தது.

"ஏம்மா, பெருமாளுக்குத் தளிகை ஜாஸ்தியாயிடுத்தோ?" என்றார் ஒரு மாமா. சிரிப்பு எழுந்தது. இன்னொருவர் சிரிக்கவில்லை. "அபசாரம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் முகம் எரிந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அப்பா தொண்டையைச் செருமினார். "குழந்தை சரியாத்தான் பண்ணியிருந்தா. நான்தான் ஸ்க்ரீன் முழுக்கத் தெரியணும்னு படுத்திட்டேன்."

அவர் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. பிரபந்தம் சேவித்த வாயால் எனக்காகப் பொய் சொல்லியிருந்தார். பஸ்ஸில் திரும்பும்போது அவர் பக்கம் திரும்பவே வெட்கமாக இருந்தது.

அன்று மாலையே திருத்தினேன். அகலத்தை எத்தனை மடங்கு பெருக்கலாம், உயரத்தை எத்தனை மடங்கு பெருக்கலாம் என்று பார்த்து, இரண்டில் சிறியதையே இரண்டுக்கும் வைத்தேன். அவ்வளவுதான் வேலை. "இனிமே உருவம் மாறாதுப்பா. மிச்ச இடம் ரெண்டு பக்கமும் கறுப்பா நிக்கும்" என்றேன்.

"கறுப்பாவா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் அதே மாமாக்களை அதே வீட்டுக்கு அழைத்து வந்தார். பெருமாள் அளவாக, குடைக்குக் கீழே, பார்க்க அழகாக வந்தார். தளிகை மாமா சும்மா இருப்பாரா? "அதென்ன, ரெண்டு பக்கமும் கறுப்பா?"

நான் வாய் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "திரைச்சீலை. சேவை நேரமோல்லியோ, ரெண்டு பக்கமும் ஒதுக்கி வெச்சிருக்கா."

"ஆஹா, பொருத்தமா யோசிச்சிருக்கா" என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் எந்தத் திரைச்சீலையும் வரையவில்லை. கறுப்பு என்று கேட்ட அன்றைக்கே அப்பா இந்தப் பதிலை யோசித்து வைத்துவிட்டார். அந்தக் கறுப்பும் என் சொதப்பல்தான் என்று எண்ணி, அதற்கும் தயாராக, அவர்களைக் கூட்டிவந்திருந்தார். அவர்கள் என்னைப் பாராட்டப் பாராட்ட, நான் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.